தம்பியின் தவணை

“நான் திருப்பித் தரலேன்னா என்னக்கா பண்ணுவே?”

“தோலை உரிச்சிருவேன்.”

“உரிச்சு? ஒரு மணிபர்ஸ்கூடத் தைக்க முடியாது. ஆளே குச்சி மாதிரி இருக்கேன்.”

“அப்போ உன் வண்டியைத் தூக்கிட்டு வந்துருவேன்.”

“தூக்கிட்டுத்தான் வரணும். அது தானா ஓடி வராது. வேற சொல்லு.”

“வேற என்னடா இருக்கு உன்கிட்ட?”

“உசுரு இருக்குல்ல? அதை உன் பேருக்கு எழுதி வெக்கிறேன். போதுமா?”

அன்றைக்கு அவன் அக்கா வீட்டு பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் அவன் ஒரு பாலிசிக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதுதான், அது வெறும் பேச்சில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்த நேரத்தில் அவள் தம்பி வீட்டில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனின் காலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதம் வீங்கி, விரல்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் போயிருந்தது. காலுறை பாதி ஏறி நின்றுவிட்டது. அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மயிரிழை அளவு பிசகினாலும் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது அந்த விரல் பட்ட இடத்தில் எல்லாம் குழி விழுந்து, விழுந்த குழி மேலே வராமல் அப்படியே கிடந்தது.

“என்னக்கா, ஆபீசுக்குக் கிளப்புறியா?” என்றான் தம்பி. கண்ணைத் திறக்கவில்லை.

“கால் ஜில்லுனு இருக்குடா.”

“என் தொழிலே அதுதானே.”

பிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் கூட்டாளிகள் அவனை ‘ஐஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் பாதிக் காரணம். மீதி, அவன் எல்லாருக்கும் ஐஸ் வைத்துக் காரியத்தைச் சாதிப்பான் என்பது. அக்காவிடம் பணம் வாங்கிய நாளிலும் அதைத்தான் செய்தான். “உன்னை மாதிரி ஒரு அக்கா இருந்தா எவனும் பேங்குப் பக்கமே போகமாட்டான்” என்றான். அவள் அதைக் கேட்டு உருகவில்லை. உருகாமலேதான் கொடுத்தாள்.

கொடுத்தது அவள் பணம்கூட இல்லை. அவள் கணவர் பஸ் கண்டக்டராக ஆயுள் முழுக்க நின்றே சம்பாதித்து, ஓய்வு பெற்றபோது மொத்தமாக வாங்கிய பணம். குளிர்சாதன வண்டி ஒன்று வாங்கி, கடைகளுக்கு மீனும் பாலும் ஏற்றிப் போகலாம் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தான். கணக்கு சரிதான். வண்டிதான் சரியில்லை. யாரோ ஓட்டித் தள்ளிய வண்டி. அவன் அதைச் சரிசெய்த நேரம், ஓட்டிய நேரத்தைவிட அதிகம். முதலில் சில மாதம் ஒழுங்காகக் கொடுத்தான். பிறகு பாதி கொடுத்தான். பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். எப்போதாவது வந்தால், கேட்காமலேயே எதையாவது ரிப்பேர் செய்துவிட்டுப் போவான்.

இதற்கெல்லாம் காப்பாக இருந்தது அந்தப் பாலிசி ஒன்றுதான். ஆள் இருக்கும்வரை ஒரு பைசா வராது. ஆள் போனால் கொடுத்த கடன் முழுதும் அக்காவுக்கு வந்து சேரும். அப்படிப்பட்ட பாலிசி. அதனால் தவணையை அக்காவே கட்டிவிடுவது என்று பேச்சு. அவள் கணவர் கடனைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தவணை வரும் சமயத்தில் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்: “கட்டியாச்சா?”

“ஆச்சு” என்பாள்.

கடைசி இரண்டு முறை அவள் சொன்ன ‘ஆச்சு’ பொய்.

போன வருஷம் ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரியில் தம்பியின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சில மாதம்தான் என்று கெடு சொன்னார். அன்றைக்கு மத்தியானம்தான் தவணை கட்டக் கடைசி நாள். அவள் அப்படியே நேராகப் போய் வரிசையில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமல், “யார் பேருக்கும்மா?” என்று கேட்டாள். “என் தம்பிக்கு” என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் சொல் வரவில்லை. இந்தப் பணத்தைக் கட்டினால் அவன் சாவுக்கு முன்பணம் கொடுத்த மாதிரி என்று தோன்றியது. கட்டாமல் போனால், அவன் போய்விட முடியாது. போனால் யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது. ஒரு லாபமும் இல்லாத காரியம் எதற்காக நடக்கப்போகிறது? இப்படி ஒரு கணக்கு. கடையில் முதலாளியே தப்பாகச் சொன்னாலும் திருத்துகிறவள், இந்தக் கணக்கை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. பின்னால் நின்றவர், “கட்டுறீங்களா, நகருறீங்களா?” என்றார். அவள் நகர்ந்துவிட்டாள். கையில் இருந்த பணத்தை அப்படியே ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கொடுத்தாள்.

அவனும் டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி இருந்தான். அதனால் அடுத்த தவணையையும் அவள் கட்டவில்லை.

“அக்கா.”

“ம்.”

“மாமாகிட்ட சொல்லிரு. ஐஸ் கடன்காரனாப் போகலைன்னு.” மூச்சு வாங்கி, நிறுத்திச் சொன்னான். “உள்ள ஒண்ணொண்ணா நின்னுக்கிட்டு வருதுக்கா. அதை நினைச்சா பயமா இருக்கு. ஆனா இதை நினைச்சா மட்டும் ஒரு மாதிரி நிம்மதியா இருக்கு. ஒரு காரியமாவது ஒழுங்காப் பண்ணியிருக்கேன்ல?”

அவள் காலுறையை உருவி எடுத்துவிட்டு, பாதத்தைத் தன் புடவைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பண்ணியிருக்கேன்ல?”

“பண்ணியிருக்கேடா. பேசாம இரு.”

தம்பி மனைவி டீயைக் கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்தாள். அவள் ஒரு பேக்கரியில் பில் போடுகிறவள். நாத்தனாரிடம் அளந்துதான் பேசுவாள். பாலிசியில் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பெயர் இருப்பது தெரிந்த நாளிலிருந்து அப்படி. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருமுறை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்: “உங்களுக்கென்ன அண்ணி. இருந்தாலும் உங்க தம்பி, போனாலும் உங்க பணம்.” சொன்னவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அக்காவிடம் பதில் ஒன்று இருந்தது, சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

“அண்ணி...” என்று ஆரம்பித்தாள் இப்போது. அவள் கண் கணவனின் முகத்துக்குப் போனது. பிறகு, “சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்” என்று முடித்துக்கொண்டு உள்ளே போனாள். இப்படி ஆரம்பித்து வேறெங்கோ முடிவது ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது.

தம்பி கண்ணைத் திறந்து மேலே பார்த்தான்.

“ஃபேன் சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

“கெபாசிட்டர் போயிருக்கு. மாத்தச் சொல்லு. சின்னச் செலவுதான்.”

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. டீ ஆறுவதற்குள் மூச்சு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நேரம் நீண்டுகொண்டே போனது. அவள் பாதத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை. அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். தம்பி மனைவி கதவருகே வந்து நின்றாள், கையில் கரண்டியோடு. அவளும் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. கரண்டி கீழே விழவில்லை. அவள் அதை ஸ்டூல் மேல் மெதுவாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள்.

*

மத்தியானத்துக்குள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. மெக்கானிக் கூட்டாளிகள் நாலைந்து பேர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து நின்றார்கள். “ஐஸ் இப்படி உருகிட்டானேக்கா” என்றான் ஒருவன். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள். பிறகு அவர்களே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

கல்லூரியிலிருந்து ஓடிவந்த தம்பி மகள் யாரிடமும் பேசாமல் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள். கோதிய முடியைக் கலைத்து, திரும்பக் கோதினாள். அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அத்தை, அப்பா நேத்து என்ன சொன்னார் தெரியுமா? அத்தை இருக்கா, பயப்படாதேன்னார்.”

அக்கா அவளை அணைத்துக்கொண்டு அழுதாள். மாலையோடு உள்ளே வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, கூட வந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அறை அவ்வளவு சின்னது.

“அழத்தான் செய்வாங்க. வர வேண்டியது வந்துரும்ல, மனசு லேசாகி அழுகை வரும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அவளால் அழ முடியவில்லை.

அக்காவின் கணவர் தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் இரண்டு வருஷமாக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறவர். மைத்துனனின் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வராந்தாவுக்கு வந்ததும் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சாப்பிட்டியா?”

“இல்லை.”

“ஏதாவது குடி.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதை இன்னிக்குப் பேசக் கூடாது. இருந்தாலும் சொல்லிடுறேன், இல்லேன்னா எனக்கு மறந்துரும். ஆபரேஷனுக்கு ஆகிறது போக மீதியை உன் தம்பி பொண்ணுக்குக் குடுத்துரலாம். உனக்குச் சம்மதம்தானே?”

அவள் அவரைப் பார்த்தாள். முழுப் பணமும் நம்முடையதுதானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு கோபமாவது வந்திருக்கும். கோபத்தில் உண்மையும் வெளியே வந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதற்கே வெட்கப்பட்டு, தடியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன, பேசமாட்டேங்கிறே?”

“உங்க இஷ்டம்” என்றாள்.

சற்று நேரத்தில் பாலிசிக்காரரும் வந்தார். வயதாகி, தொழிலை விட்டுவிட்டவர்; பழகிய பழக்கத்துக்காக வந்திருந்தார். நேரே தம்பி மனைவியிடம் போய், “கவலைப்படாதீங்கம்மா. நாத்தனார் இருக்காங்க. அவங்க ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. இறப்புச் சான்றிதழை மட்டும் நாலு காப்பியா வாங்கி வெச்சுக்குங்க” என்றார். தம்பி மனைவி முதன்முறையாகத் தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய வெடுவெடுப்பு இல்லை. இல்லாததுதான் அக்காவைக் கலக்கியது.

பாலிசிக்காரர் டீயோடு வாசலுக்குப் போனதும் அவள் பின்னாலேயே போனாள்.

“சார், அது கட்டலை.”

“எது?”

“தவணை. ரெண்டு தடவையா.”

அவர் டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். “காலாவதியே ஆகியிருக்குமேம்மா. ஏன்? பணம் இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டுக் கட்டியிருப்பேனே.”

“பணம் இருந்தது.”

“அவருக்கு உடம்பு சரியில்லைன்னு தெரியறதுக்கு முன்னாடியா?”

“தெரிஞ்ச அன்னிக்கு.”

“வியாதின்னு தெரிஞ்சதும் விழுந்தடிச்சுக்கிட்டு வந்து கட்டுறவங்களைத்தான்மா நான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன். நீங்க என்ன...”

“ஏதாவது வழி இருக்கா சார்?”

“முன்னாடியே சொல்லியிருந்தாலும் புதுப்பிக்க டாக்டர் பரிசோதனை கேட்டிருப்பாங்க. அவர் இருந்த நிலைமையில எவன் கையெழுத்துப் போடுவான்? இந்த மாதிரிப் பாலிசியில கட்டினதும் திரும்பி வராது.” கொஞ்சம் தயங்கினார். “வீட்ல சொல்லிட்டீங்களா?”

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“இன்னிக்கு வேணாம்” என்றார். பிறகு, என்றைக்கு என்று சொல்லத் தெரியாதவர்போல, டீயைக் குடிக்காமலேயே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது தம்பி மனைவி இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

*

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டாளிகளில் ஒருவன் வராந்தாவில் தொண்டை கட்டிய குரலில் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான். அவனும் கிளம்பிப் போனான். மகள் உள்ளறையில் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. வாடகைக் கட்டில்காரர்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க,” என்று கீழே நின்றபடியே கத்தினார். “இன்னிக்கே எடுத்துட்டா இன்னிக்கோட வாடகை நின்னுரும். வேற ஒரு வீட்ல இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. வண்டியை விட்டுட்டு மேல வர முடியலை, சந்தே அடைச்சுக்கிட்டு நிக்குது. யாராவது இறக்கிக் குடுத்துருங்க.”

அக்காவின் கணவர் எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

“நீங்க இருங்கண்ணே,” என்றாள் தம்பி மனைவி. அவன் போன பிறகு அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். “நாங்க ரெண்டு பேரும் இறக்கிருவோம்.”

கட்டில் இரண்டாகக் கழன்றது. கால்மாட்டுப் பாதி லேசு. அதை முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். தலைமாட்டுப் பாதியில் சாய்த்து நிமிர்த்துகிற இரும்புச் சட்டம் எல்லாம் இருந்ததால் கனம். அக்கா முன்னால், படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள். தம்பி மனைவி மேல்முனையைப் பிடித்திருந்தாள். இரும்பில் மருந்து நெடி இன்னும் போகவில்லை.

“மெதுவா அண்ணி.”

“நீ கையைப் பார்த்துக்க. சுவர்ல இடிக்கப் போகுது.”

படி திரும்புகிற இடத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. அதன் ஒரு கால் படியின் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்துகொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இருவரும் இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார்கள். கீழே வைக்கவும் இடமில்லை. மூச்சு வாங்க அப்படியே நின்றார்கள். முகத்துக்கு முகம் நேராக இருந்தது. நடுவில் இரும்புச் சட்டம்.

“அண்ணி.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரமாகப் பாதியில் நின்ற பேச்சு இந்த முறை நிற்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ‘வேணாம், இப்போ வேணாம்’ என்று சொல்லப் பார்த்தாள். மூச்சுத்தான் வந்தது.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு. எவ்வளவோ நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அவர் இருக்கிறப்போ கேட்டா, அவரைச் சாகச் சொல்லிக் கேக்குற மாதிரி இருக்கும். அதான் கேக்கலை.”

கீழேயிருந்து கட்டில்காரர், “என்னம்மா, மாட்டிக்கிச்சா? கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க” என்றார்.

“அந்தப் பணம் உங்க பணம். அதுல எனக்கு ஒண்ணும் வேணாம். அவ படிப்பு முடியறவரைக்கும் ஃபீஸ் மட்டும் அதுலேருந்து கட்டுங்க அண்ணி. சும்மா வேணாம், கடனாக் குடுங்க. பேக்கரியில நின்னே அடைச்சிருவேன்.” அவள் குரல் உடையவில்லை. நிதானமாக, பில் போடுகிற குரலில்தான் சொன்னாள். “நம்பிக்கை இல்லேன்னா என் பேர்லயும் ஒரு பாலிசி எடுத்துக்குங்க.”

சொல்லி முடித்த அசதியில் மேலே அவள் பிடி தளர்ந்திருக்க வேண்டும். கம்பியிலிருந்து கால் விடுபட்டு, கட்டில் கீழே நின்றவளின் நெஞ்சோடு வந்து சாய்ந்தது. அவள் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதைத் தாங்கியபடி நின்றாள்.